காரின் நடுவே இருந்த மேடு எங்கே போனது?

சோழர் கால ஏரிகள் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த முறை. இந்த முறை நான் பல்பு வாங்கிய கதை ஒன்றும், அதைத் துரத்திக்கொண்டு போனதில் கிடைத்த வரலாறு கொஞ்சமும்.

போன மாதம் ஒரு கம்பெனிக்கு அப்ரண்டிஸ் நேர்காணலுக்குப் போயிருந்தேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாமே. எதிரே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "கியர்பாக்ஸ்ல இருந்து சக்கரத்துக்கு பவர் எப்படிப் போகுது, சொல்லுங்க தம்பி".

நமக்கு இது அல்வா. இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், பின் ஆக்ஸில், சக்கரம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். மூன்று செமஸ்டர் வரைந்த படமாச்சே.

"எந்த வண்டிக்கு?" என்றார்.

"எல்லா வண்டிக்கும் சார்."

அவர் கோபப்படவில்லை. "நீங்க திருவள்ளூர்தானே? உங்க ஊர்ல இப்போ செய்யற கார் எதுலயும் நீங்க சொன்ன ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டே கிடையாதே" என்று மட்டும் சொன்னார். அதோடு முடிந்தது. வேலையும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் அந்த வார்த்தை காதில் ஓடிக்கொண்டே இருந்தது. கடம்பத்தூருக்குப் பக்கத்தில், அதிகத்தூரில் இருக்கும் கார் தொழிற்சாலையைப் பற்றி சின்ன வயசிலிருந்தே கேள்விப்பட்டிருக்கிறேன். அதிலிருந்து வரும் வண்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, கும்மிடிப்பூண்டி போகும் வழியில் கவரைப்பேட்டை பக்கம் லாரிப் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் போனேன்.

மாமா பள்ளத்தில் இறங்கி ஒரு லாரியின் அடியில் இருந்தார். கும்மிடிப்பூண்டியின் உருட்டாலைகளில் இருந்து கம்பி ஏற்றிப் போகும் வண்டி. விஷயத்தைச் சொன்னேன். "படத்தை விடு மாப்ள, கீழ இறங்கு" என்றார்.

கீழே இருந்து பார்த்தால்தான் ஒரு விஷயம் உறைக்கிறது. கியர்பாக்ஸ் வண்டிச் சட்டத்தோடு பூட்டியிருக்கிறது. அது அசையாது. பின் ஆக்ஸில் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) தொங்குகிறது. லோடு ஏற்றினால் இறங்கும், பள்ளத்தில் விழுந்தால் எகிறும். அசையாத ஒன்றிலிருந்து ஆடிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்கு, சுழற்சியை ஒரு நொடி கூட விடாமல் கொண்டு போக வேண்டும். இதுதான் ஷாஃப்ட்டின் வேலை. நூறு வருஷத்துக்கும் மேலான அதன் வரலாறு முழுக்க இந்த ஒரு சிக்கலுக்கு மனிதர்கள் கண்டுபிடித்த விடைகள்தான்.

அந்த லாரியில் இருந்த விடை இது. ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்புத் துண்டு. பட்டறையில் அதற்குப் பெயர் 'கிராஸ்'. அதன் நான்கு கால்களிலும் ஊசி பேரிங். இரண்டு கால் ஒரு பக்கக் கவையிலும், மற்ற இரண்டு கால் எதிர்ப்பக்கக் கவையிலும் உட்காரும். அதனால் ஷாஃப்ட் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சுழற்சி நிற்காது. புத்தகத்தில் யுனிவர்சல் ஜாயின்ட் என்று படித்தோமே, அதுதான்.

இன்னொன்றும் உண்டு. ஆக்ஸில் மேலும் கீழும் போகும்போது கியர்பாக்ஸுக்கும் அதற்கும் உள்ள தூரமும் கொஞ்சம் மாறும். அதற்காக ஷாஃப்ட்டில் ஓர் இடத்தில் நீளவாக்கில் பல் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும்படி வைத்திருப்பார்கள். பல கார்களில் இந்தச் சறுக்கும் முனை நேராக கியர்பாக்ஸின் வால்பகுதிக்குள் போய், வெளியே வரும் அச்சின் பற்கள் மேல் செருகிக்கொள்ளும். லாரிகளில் பெரும்பாலும் கியர்பாக்ஸின் பின்னால் ஒரு வட்டத் தட்டு (ஃபிளாஞ்ச்) இருக்கும். ஷாஃப்ட்டின் தட்டை அதோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்குவார்கள். கியர்பாக்ஸோடு இணைவது என்று நாம் ஒரே கோட்டில் வரைந்து விட்டுவிடுவது இதைத்தான்.

சங்கிலி போய் ஷாஃப்ட் வந்தது

இனி கொஞ்சம் பின்னால் போவோம். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த ஜிரோலமோ கார்டனோ, வளையத்துக்குள் வளையம் வைத்துத் தொங்கவிடும் அமைப்பைப் பற்றி எழுதினார். அதனால்தான் ஜெர்மனியிலும் பிரான்சிலும் இதை இன்றும் கார்டன் ஷாஃப்ட் என்கிறார்கள். அதற்கு நூறு வருஷத்துக்குப் பிறகு, 1670களில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் இந்த மூட்டை ஆராய்ந்து எழுதினார். ஸ்பிரிங் பற்றிய ஹூக் விதி படித்தோமே, அதே ஹூக். அவருக்குத் தேவைப்பட்டது வானத்தைப் பார்க்கும் கருவிகளுக்காக. கார் பிறக்க இன்னும் 200 வருஷம் இருந்தது.

1890களில் வந்த ஆரம்ப கார்கள் பலவற்றில் ஷாஃப்ட் இல்லை. சைக்கிள் மாதிரி சங்கிலியோ, தோல் பெல்ட்டோதான். சங்கிலி ஆக்ஸிலின் ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் சத்தம், தூசி, தேய்மானம், அடிக்கடி அறுந்து போவது எல்லாம் கூடவே வரும். 1898இல் பிரான்சில் லூயி ரெனோ என்ற 21 வயதுப் பையன் தான் கட்டிய சின்னக் காரில் சங்கிலியை எடுத்துவிட்டு, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு ஷாஃப்ட் போட்டார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பாரிஸில் செங்குத்தான ரூ லெபிக் தெருவில் அதை ஏற்றிக் காட்டினார். ரெனோ கம்பெனியின் தொடக்கம் அதுதான்.

நம்ம வகுப்பு ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொருவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது ஒரு கார் செய்ய முயன்றார். சங்கிலிக்குப் பதிலாக நம்பகமான ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் வேண்டும் என்று தானே வரைந்தார். 1903இல் காப்புரிமை. 1904இல் நியூஜெர்சியில் உற்பத்தி. பிற்காலத்தில் டானா என்று பெயர் மாறிய பெரிய கம்பெனியின் வேர் இந்த ஒரு மாணவரின் ப்ராஜெக்ட்தான். (நாம் ப்ராஜெக்ட்டை எங்கே காசு கொடுத்து வாங்குகிறோம் என்பதை இங்கே பேச வேண்டாம் :-) )

எண்ணூரும் அம்பாசடரும்

இந்த ஷாஃப்ட் நம்ம பக்கத்துக்கு எப்படி வந்தது என்று பார்த்தால், கும்மிடிப்பூண்டி ரயில் பாதையிலேயே ஒரு விடை இருக்கிறது. 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில்தான் ஆஸ்டின் கார்களைப் பூட்ட ஆரம்பித்தது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. லாரியும் பஸ்ஸும் அதன் பிழைப்பாயின.

லாரி, பஸ் நீளமானவை. அவ்வளவு நீளத்துக்கு ஒரே ஷாஃப்ட் போட முடியாதா என்று மாமாவைக் கேட்டேன். அவர் பட்டறைக் கம்பி ஒன்றை எடுத்து ஒரு முனையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். நீளமான கம்பி நடுவில் துவண்டது. பாதியாக மடித்ததும் விறைப்பாக நின்றது. ஷாஃப்ட்டும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டால் ஸ்கிப்பிங் கயிறு போல நடுவில் வளைந்து சுழற்றி அடிக்கும். அந்த ஆபத்தான வேகம் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் மாறும். நீளம் பாதியானால் அந்த வேகம் நான்கு மடங்கு மேலே போய்விடும். அதனால் நீள வண்டிகளில் ஷாஃப்ட்டை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டி, நடுவில் சட்டத்தோடு 'சென்டர் பேரிங்' வைத்துத் தாங்குகிறார்கள். ஷாஃப்ட் திடமான தண்டாக இல்லாமல் குழாயாக இருப்பதற்கும் காரணம் உண்டு. முறுக்கு விசையைச் சுமப்பது பெரும்பாலும் வெளிப்பக்க இரும்புதான். நடுவில் இருக்கும் இரும்பு எடைதான் கூட்டும்.

கார் பக்கம் நாட்டையே ஆண்டது அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாக வைத்து, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்ய ஆரம்பித்தது. 2014 மே மாதம் வரை வந்தது. இன்ஜின் முன்னால், இழுவை பின்னால், நடுவில் ஷாஃப்ட். கல்யாணத்துக்கு அம்பாசடரில் ஒன்பது பேர் போன கதை எல்லார் வீட்டிலும் இருக்கும். பின் சீட்டில் நடுவில் உட்காருபவருக்குக் கால் வைக்க இடம் இருக்காது, தரையில் நீளமாக ஒரு மேடு. அந்த மேட்டுக்குக் கீழேதான் ஷாஃப்ட் ஓடியது. ஷாஃப்ட்டுக்கு இடம் விட்டுத்தான் காரின் தரையையே வடிவமைத்திருந்தார்கள்.

பிரீமியர் பத்மினி, சென்னைப் பக்கம் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாமே பின்சக்கர இழுவைதான். நம்ம பாடப்புத்தகப் படம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. அந்தக் காலத்து இந்தியச் சாலையில் "எல்லா வண்டிக்கும் சார்" என்பது ஏறக்குறைய சரியான பதிலாக இருந்திருக்கும்!

ஒரே கிராஸ் செய்யும் சேட்டை

அப்படியானால் மேட்டை ஒழித்தது எது? முன்சக்கரத்தையே இழுக்க வைத்தால் நடுவில் ஷாஃப்ட்டே வேண்டாமே. எளிதாகத் தோன்றும் இந்த யோசனைக்குக் குறுக்கே நின்றது அதே கிராஸ்தான்.

ஹூக் ஜாயின்ட்டுக்கு ஒரு குறை உண்டு. உள்ளே வரும் அச்சு சீராகச் சுழன்றாலும், சாய்ந்திருக்கும் வெளி அச்சு சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். சாய்வு 10 டிகிரி என்றால் ஏற்ற இறக்கம் சுமார் ஒன்றரை சதவீதம்தான், தாங்கிக்கொள்ளலாம். 30 டிகிரி ஆனால் ஒரு கட்டத்தில் 13 சதவீதம் குறைந்து, அடுத்த கட்டத்தில் 15 சதவீதம் கூடும்.

பின்சக்கர வண்டியில் இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. இரண்டு முனையிலும் கிராஸ் இருப்பதால், ஷாஃப்ட்டின் இரண்டு கவைகளையும் ஒரே தளத்தில் வைத்து, இரண்டு பக்கச் சாய்வையும் சமமாக வைத்தால், முதல் கிராஸ் செய்த சேட்டையை இரண்டாவது கிராஸ் சரிக்கட்டிவிடும். மாமா ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் உளியால் புள்ளி குத்தி வைப்பது இதற்காகத்தான். சறுக்கும் பல்லில் ஒரு பல் மாற்றிப் பூட்டினாலும் கவைகள் தளம் மாறிவிடும், வண்டி ஓடும்போது உதறும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, கழட்டி மாட்டினதுல இருந்து ஆடுது" என்று வரும் வண்டிகளில் முதலில் அந்தப் புள்ளியைத்தான் பார்ப்பாராம். ஹூக்கின் கணக்கு அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கணக்கு சொல்வதைக் கை செய்கிறது.

முன்சக்கரத்தில் இந்தத் தந்திரம் எடுபடாது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரப் பக்க மூட்டு மட்டும் நிறைய மடங்கும், கியர்பாக்ஸ் பக்க மூட்டு அவ்வளவு மடங்காது. ஒன்று இன்னொன்றைச் சரிக்கட்டாது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங் கையில் உதறும்.

1934இல் பிரான்சின் சிட்ரோயன் கம்பெனி 'ட்ராக்ஷன் அவான்' என்ற காரை இறக்கியது. முன்சக்கர இழுவையில் பெரிய எண்ணிக்கையில் விற்ற ஆரம்ப கார்களில் அது முக்கியமானது. ஷாஃப்ட் நடுவில் இல்லாததால் தரை தட்டையாக, தாழ்வாக இருந்தது. அதைக் கொண்டுவருவதற்கு ஆன செலவு கம்பெனியைச் சாய்த்தது. அதே 1934 கடைசியில் அது திவாலாகி, டயர் கம்பெனியான மிஷெலின் கைக்குப் போனது. ஆந்த்ரே சிட்ரோயன் 1935இல் இறந்துபோனார். அந்தக் காரோ 1957 வரை உற்பத்தியானது.

இதற்கு நல்ல மூட்டு ஒன்றை 1920களிலேயே ஒருவர் செய்திருந்தார். ஃபோர்டில் வேலை பார்த்த பொறியாளர் ஆல்பிரெட் ஜெப்பா. கிராஸுக்குப் பதிலாக 6 எஃகுக் குண்டுகள். ஒரு கிண்ணத்துக்கும் அதனுள் இருக்கும் உருண்டைக்கும் நடுவில் வளைந்த பள்ளங்களில் அவை ஓடும். மூட்டு எவ்வளவு மடங்கினாலும் இரண்டு அச்சுக்கும் சரிபாதியாக இருக்கும் தளத்திலேயே குண்டுகள் நிற்கும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே வேகம். சிவி ஜாயின்ட் என்று நாம் சொல்வதில் மிகவும் பரவலானது இந்த வகைதான். 1959இல் இங்கிலாந்தில் வந்த மினி கார், இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, இந்த வகை மூட்டைப் போட்டு, முன்சக்கர இழுவையைச் சின்னக் கார்களுக்குக் கொண்டுவந்தது.

அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டும் மினியும் ஒரே பிஎம்சி கம்பெனியின் கார்கள். அங்கே அவர்கள் மினிக்கு மாறிய சமயத்தில் இங்கே நாம் அம்பாசடரில் ஆரம்பித்தோம். நம்ம சாலைக்கு முன்சக்கர இழுவை பெரிய அளவில் வந்தது 1983 டிசம்பரில், மாருதி 800 மூலமாக. 24 வருஷம் கழித்து.

ஒரே கொட்டகை, எத்தனை ஷாஃப்ட்!

இப்போது திருவள்ளூர். இதைப் படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியம்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1970களின் தொடக்கத்திலேயே திருவள்ளூரில் மண் அள்ளும் இயந்திரங்கள் செய்ய ஆரம்பித்துவிட்டது. அந்தப் பிரிவை 2000 வாக்கில் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் வாங்கியது. சுரங்கத்தில் ஓடும் பெரிய டம்பர்கள் அங்கே உருவாகின்றன. கேட்டர்பில்லரின் 777 ரக டம்பர் ஒரே நடையில் 90 டன் அளவுக்குச் சுமக்கும். அதில் ஷாஃப்ட் எங்கே இருக்கிறது தெரியுமா? கியர்பாக்ஸுக்கு முன்னால்! இன்ஜினோடு டார்க் கன்வர்ட்டர் முன்பக்கம் இருக்கிறது. கியர்பாக்ஸ் வண்டியின் பின்னால், ஆக்ஸிலோடு சேர்ந்து இருக்கிறது. இரண்டையும் இணைத்து நடுவில் ஷாஃப்ட் ஓடுகிறது. நம்ம படத்தின் வரிசையே அங்கே தலைகீழ்.

ஏன் அப்படி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உதவும். இன்ஜின் தரும் முறுக்கு விசை 100 என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் அதை மூன்றரை மடங்காக்கினால், கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஷாஃப்ட் 350ஐச் சுமக்க வேண்டும். டிஃபரன்ஷியலில் இன்னொரு 4 மடங்கு, 1400. அது இரண்டு சக்கரத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்தால் தலைக்கு 700. அதாவது ஒவ்வொரு பல்சக்கரத்தைத் தாண்டும்போதும் ஷாஃப்ட்டின் பாரம் கூடுகிறது, வேகம் குறைகிறது. ஷாஃப்ட்டை கியர்பாக்ஸுக்கு முன்னால் வைத்தால், கியர் பெருக்கித் தரும் சுமை அதன் தலையில் விழாது. ஆயிரம் குதிரைத்திறன் பக்கம் இருக்கும் வண்டியில் இது சின்ன லாபம் இல்லை.

1998இல் அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து அதிகத்தூரில் லான்சர் காரைச் செய்ய ஆரம்பித்தது. உத்தர்பாராவில் மேடு வைத்த அம்பாசடர் வந்துகொண்டிருந்த அதே நாளில், திருவள்ளூரில் முன்சக்கர இழுவை லான்சர் வந்தது. ஒரே முதலாளி, இரண்டு காலம்!

லான்சரில் இன்ஜின் குறுக்காக இருக்கும். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள். அதன் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு குட்டி ஷாஃப்ட்டுகள் நேராகச் சக்கரத்துக்குப் போகும். இணைப்பு எப்படி என்றால், இந்த வகை கார்களில் பெரும்பாலும் ஷாஃப்ட்டின் உள்முனைப் பற்கள் டிஃபரன்ஷியலின் பக்கவாட்டுப் பல்சக்கரத்துக்குள் நுழைந்து, ஒரு சின்னக் கம்பி வளையத்தால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். போல்ட் கூட இல்லை. உருவினால் கியர் ஆயில் கொட்டும், அதனால் முதலில் ஆயிலை வடித்துவிட வேண்டும். உள்பக்க மூட்டு நீளத்துக்கு ஏற்ப உள்ளே வெளியே சறுக்கும். வெளிப்பக்க மூட்டு நன்றாக மடங்கும். அம்பாசடரின் சறுக்கும் பல், கிராஸ் இரண்டும் செய்த வேலையை இந்த இரண்டு மூட்டும் பங்கு போட்டுக்கொண்டன. இரண்டையும் காப்பாற்றுவது வெளியே இருக்கும் ரப்பர் உறை. அது கிழிந்தால் கிரீஸ் போகும், மண் சேரும், திரும்பும்போதெல்லாம் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். ஒரு ரப்பர் உறையைக் கவனிக்காததால் மொத்த ஷாஃப்ட்டுக்கும் செலவு.

அப்புறம் பஜேரோ. நான்கு சக்கர இழுவை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி, அதிலிருந்து முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். 2008இல் அவுட்லேண்டர். அடிப்படையில் முன்சக்கர வண்டி, தேவைப்படும்போது பின்சக்கரத்துக்கும் ஷாஃப்ட் வழியாகக் கொஞ்சம் அனுப்பும். 2013க்குப் பிறகு ஒப்பந்த அடிப்படையில் இசுசு வண்டிகளும் இங்கே உருவாகின. மறுபடி நம்ம பாடப்புத்தக வரிசை! 2016இல் இசுசு, கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் சொந்தத் தொழிற்சாலை திறந்து போய்விட்டது.

2017இல் பிரான்சின் பிஎஸ்ஏ குழுமம் சி.கே. பிர்லா குழுமத்தோடு ஒப்பந்தம் போட்டது. கார் திருவள்ளூரில், இன்ஜினும் கியர்பாக்ஸும் ஓசூரில். (அதே வருஷம் அம்பாசடர் என்ற பெயரையும் பிஎஸ்ஏவே 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது.) 2021 ஏப்ரலில் திருவள்ளூரில் இருந்து சிட்ரோயன் சி5 ஏர்கிராஸ் வந்தது, 2022இல் சி3. 1934இல் மேட்டை ஒழிக்கப் போய்த் திவாலான அதே சிட்ரோயன். எல்லாமே முன்சக்கர இழுவை. நேர்காணலில் அவர் சொன்னது இதைத்தான். இன்னொரு சுவையான விஷயம், அந்தக் காரின் மூக்கில் இருக்கும் இரட்டை 'ஃ' தொப்பி மாதிரியான சின்னம் அலங்காரம் இல்லை. ஆந்த்ரே சிட்ரோயன் போலந்தில் பார்த்து, பிறகு தானே தயாரித்து விற்ற ஒரு வகைப் பல்சக்கரத்தின் பற்கள் அவை.

2023இல் சி3யின் மின்சார வடிவமும் வந்தது. அதில் இன்ஜின் இல்லை, கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலை இல்லை. மோட்டாருக்குப் பின் ஒரே ஒரு வேகக் குறைப்புப் பல்சக்கரத் தொகுதி. ஆனால் அதிலிருந்து இரண்டு முன்சக்கரத்துக்கும் போகும் குட்டி ஷாஃப்ட்டுகள் அப்படியே இருக்கின்றன. மோட்டார் வண்டியோடு நிற்கிறது, சக்கரம் ஆடுகிறது. அந்த ஆட்டம் இருக்கும் வரை நடுவில் ஒரு மூட்டு வேண்டும்.

கடைசியாக

ஒரே தொழிற்சாலை 25 வருஷத்துக்குள் இத்தனை வகை ஷாஃப்ட்டைப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு முறை வண்டி மாறும்போதும், அதைப் பூட்டிப் பழகிய கைகள் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருந்திருக்கும். உத்தர்பாரா 2014இல் மூடியபோது அங்கே இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லாமல் போனது. நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் ஐடிஐ, டிப்ளமோ முடித்து இந்த கேட்டுகளுக்கு முன்னால்தான் நிற்கிறோம். உள்ளே ஒரு வண்டி ஓடுகிறது, நாம் வேறொரு வண்டியின் படத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகிறோம். பாடத்திட்டத்தைக் குறை சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம். ஆனால் லாரிக்கு அந்தப் படம் இன்றும் சரிதான். தப்பு, 'எந்த வண்டி?' என்று ஒரு தடவை கூட நான் கேட்காததுதான்.

கிளம்பும்போது மாமா ஷாஃப்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார். முதலில் ஸ்பானரை எடுக்கவில்லை. நான்கு பெரிய கட்டைகளை எடுத்து வந்து சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடித்து வைத்தார். "வண்டி கியர்லதானே மாமா நிக்குது?" என்றேன்.

"கியர் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது? இந்த ஷாஃப்ட்டைத்தானே? இதைக் கழட்டிட்டா சக்கரத்துக்கும் கியருக்கும் என்ன சொந்தம்? வண்டி உருண்டு உன் மேல ஏறும்" என்றார். சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கே கியர்பாக்ஸின் பின்புறம்தான் இருக்குமாம். ஷாஃப்ட்டைக் கழற்றினால் அதுவும் பயன்படாது. இதை அறியாமல் சரிவில் நிறுத்திக் கழற்றி நசுங்கியவர்களை அவருக்குத் தெரியும்.

கியர்பாக்ஸுக்கும் ஷாஃப்ட்டுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு நான் கேட்டதிலேயே நல்ல பதில் இதுதான். அடுத்த நேர்காணல் வரும் வாரம். அதே கேள்வி வந்தால் முதலில் "எந்த வண்டிக்கு சார்?" என்று கேட்பதாக இருக்கிறேன்.

வேலை கிடைத்தால் சொல்கிறேன். கிடைக்காவிட்டால் சோழர் கால ஏரிகள் :-)